யாங்குபாவின் இடது காலுறை

மழை ஓய்ந்து நிலக்கடலை பிடுங்கும் மாதம்.
காம்பியா ஆற்றுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில்
செருப்பே போடாத நாற்பது பிள்ளைகளுக்குக்
காலுறை மாட்டிவிட்டேன்.
நைலான். பெட்டியில் ‘சதை நிறம்’ என்று போட்டிருந்தது,
யாருடைய சதை என்று போடவில்லை.
ஓர் இரவு மட்டும், கழற்றக் கூடாது என்றேன்.
சிமெண்டுத் தரையில் சறுக்கலாம் என்று
அவர்கள் கண்டுபிடிக்க
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யாங்குபாவின் அம்மா நியிமா
கடலைக்கொடி உதறியபடியே கேட்டாள்:
‘நாயா முகரப்போகிறது?’
ஆமாம்.
‘ஈர மூக்கு படுமா?’
படும்.
‘அப்படியானால் திருப்பித் தர வேண்டாம்.
தொழுகிற வீடு இது.’
இரண்டு கொடி உதறிவிட்டு,
‘அந்த நாய்க்கு மாண்டிங்கா தெரியுமா?’

காலையில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.
கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்த்தேன்.
யாங்குபாவுக்குள் மலேரியா.
காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை,
வெளியே பந்து உதைத்துக்கொண்டிருக்கிறான்.
வாடகை தராமல், சத்தம் போடாமல்
குடியிருக்கிறது.
கொசு வந்தால் அடுத்த வீட்டுக்கும் கொடுத்தனுப்பும்.

மூன்று நாள் மாத்திரை. போய்விட்டது.
வலது உறை தலைநகருக்குப் போனது.
பெருவிரலில் ஓட்டை விழுந்த இடது உறை
எண் ஒட்டி, பனிக்கட்டியில் பொதிந்து
விமானம் ஏறியது.
அவன் ஏறியதில்லை.

மூன்று வருடம் கழித்து நான் போனேன்.
இங்கிலாந்தின் வடக்கில், டீஸ் ஆற்றங்கரையில்
தகரக்கூரை போட்ட பழைய பால்பண்ணை.
நாயின் பெயர் நெட்டில்.
தொட்டால் அரிக்கும் ஒரு செடியின் பெயராம்,
தொட்டேன், அரிக்கவில்லை.
நல்ல வாசம் கெட்ட வாசம் என்று
பிரித்து வைக்காத மூக்கு.
நோயென்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.
‘இந்த மணத்துக்குப் பக்கத்தில் சீஸ் இருக்கிறது’,
படித்த பாடம் அவ்வளவுதான்.
கண்டால் உட்காரும். இல்லையென்றால் நடக்கும்.

அன்று வரிசையில் இருந்த எல்லாக் குப்பியும் சுத்தம்.
நெட்டில் கடந்தது. திரும்ப வந்தது. மறுபடி கடந்தது.
உட்கார ஓர் இடமில்லாமல் கடைசியில் நின்று
ஹெஸ்டரின் முகத்தைப் பார்த்தது.
இருபது பிள்ளைகள் நன்றாயிருக்கிறார்கள்,
அது தோற்றுப்போனதுபோல் நிற்கிறது.

‘இப்படியே விட்டால் மனம் விட்டுப்போகும்,
அப்புறம் பொய்க்கு உட்காரும்’ என்று
ஹெஸ்டர் உறைபெட்டியைத் திறந்தாள்.
புகையாய்க் குளிர்.
ஒரு குப்பியை எடுத்து வரிசையில் செருகினாள்.

குப்பிக்குள் பெருவிரல் பக்கத்துத் துண்டு.
ஓட்டை.
சீட்டில் என் கையெழுத்து,
ஏழின் நடுவில் நான் மட்டும் போடும் கோடு.

பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லவில்லை.

நெட்டில் நடந்தது, நடந்தது, மூக்கைத் தாழ்த்தியது,
உட்கார்ந்தது.
வால் தரையை இப்படியும் அப்படியும் பெருக்கியது.
அவன் உடம்பு எப்போதோ துரத்திவிட்ட ஒன்று
இங்கே குளிரில் வேலைக்கு இருக்கிறது,
ஒரு நாய்க்கு மனம் விட்டுப்போகாமலிருக்க.
அந்த நேரம் யாங்குபா கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான்.
அவன் கால் இரண்டு அளவு கூடியிருந்தது.

ஊர் திரும்பியதும் நியிமா விடவில்லை.
‘நாய் என்ன சொன்னது?’
யாருடையது என்று சொல்லாமல் சொன்னேன்:
ஒன்றின் முன்னால் உட்கார்ந்தது.
‘உட்கார்ந்ததா?’
கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.
‘உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு போட்டார்களா?’
ஒரு துண்டு சீஸ்.
‘எவ்வளவு பெரிய துண்டு?’
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.

இன்றுவரை அவள்
இங்கிலாந்தை மன்னிக்கவில்லை.